அறாவெட்டு

காட்டுக்குள் நாயைப் போலக் குரைக்கும் ஒரு சிறிய மானைத் தமிழில் கேளையாடு என்கிறோம். விலங்கியல்படி அது ஆடே இல்லை. கொம்பை உதிர்த்து மறுபடி முளைக்கவிடும் அசல் மான் சாதி. பாறைச் சரிவில் வாழும் வரையாட்டை ஆடு என்றது சரி, அது ஆட்டுக்கு உறவுதான். கேளையை ஆடு என்றவர்களுக்கு மானைத் தெரியாமல் இருந்திருக்காது. புதர் ஓரம் நின்று தழையை நுனி நுனியாகக் கடித்துக்கொண்டு நகரும் உருவத்தைப் பார்த்து வைத்த பெயராகவே அது தோன்றுகிறது. இலக்கணக்காரர்களும் ஏறக்குறைய இப்படித்தான் பார்த்தார்கள். முல்லைத் திணைக்குக் கருப்பொருள் வகுத்தபோது விலங்கு வரிசையில் மானையும் முயலையும் வைத்தார்கள். மக்கள் வரிசையில் ஆயரையும் இடையரையும் வைத்தார்கள். மேய்ப்பன் உள்ள ஆடும் மேய்ப்பன் இல்லாத மானும் ஒரே குறுங்காட்டைப் பங்கிட்டுக்கொள்வது அவர்களுக்கு அன்றாடக் காட்சி. இந்தப் பங்காளிகளைப் பிரித்து, ஒன்றைக் காட்டின் அழகு என்றும் மற்றதைக் காட்டின் எதிரி என்றும் எழுதிவைத்தது வெறும் 140 ஆண்டுப் பழக்கம். அந்தப் பிரிவினை தவறான கணக்கில் போடப்பட்டது என்பது என் வாதம். விலங்கின் சாதியைப் பார்த்தார்கள். பார்த்திருக்க வேண்டியது மாதத்தையும் மந்தையின் அளவையும்.

சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856-இல் ஹியூ கிளெக்ஹார்ன் தலைமையில் தொடங்கியது. கால் நூற்றாண்டு கழித்து, டீட்ரிச் பிராண்டிஸின் ஆலோசனைக் காலத்தில், 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் வந்தது. அதுவரை ஊர்க்காடு, மலையடிவாரம், புறம்போக்கு என்று அழைக்கப்பட்ட நிலங்களில் பெரும்பகுதி ‘ரிசர்வ்’ ஆனது. உள்ளே மேய்க்கத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மாட்டைச் சீட்டோடு உள்ளே விட்ட விதிகள் வெள்ளாட்டைப் பொதுவாக வெளியே நிறுத்தின. காரணம் வெளிப்படையானது: அரசுக்கு வேண்டியது மரம், விறகு, ரயில் பாதைக்குக் கட்டை; மாடு புல்லைத் தின்னும், ஆடு மரக்கன்றைத் தின்னும். ஆனால் இதே அரசின் ஏற்றுமதிக் கணக்கில் வெள்ளாட்டுத் தோலுக்குப் பெரிய இடம் இருந்தது. சென்னை மாகாணத்துத் தோல், ஆவாரம் பட்டையில் பதமாகிக் கப்பல் ஏறியது. அந்த வணிகத்தில் ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்கள் செழித்தன. தோலுக்கு ஆடு வேண்டும், ஆட்டுக்குக் காடு கூடாது. இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் நின்றவன் மேய்ப்பன். அவனுடைய எரிச்சல் எங்கே போய் முடியும் என்பதைப் பல்நாடு காட்டியது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த அப்பகுதியில் 1921-இல் ‘புல்லரி’ என்ற மேய்ச்சல் வரியை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்தது. தலைமை தாங்கிய கன்னேகண்டி ஹனுமந்து அடுத்த ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார்.

வெள்ளாட்டின் மீதான வெறுப்பு இந்த மண்ணில் முளைத்ததல்ல. அதற்கு ஒரு தீவுக் கதை உண்டு. தென் அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் ஹெலினாவில் போர்ச்சுக்கீசியர் 1513 வாக்கில் ஆடுகளை இறக்கிவிட்டார்கள். மேய்ப்பனும் இல்லை, வேட்டை விலங்கும் இல்லை. பெருகிய ஆடுகள் கன்றுகளைக் கன்றாகவே தின்று தீர்த்தன. கிழமரங்கள் சாய்ந்தபோது இடத்தை நிரப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. 1836-இல் அங்கே இறங்கிய டார்வின் இதை எழுதிவைத்தார். 1659 முதல் அத்தீவைக் கையில் வைத்திருந்தது நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி. ஆகவே தீவின் பாடம் அதன் அதிகாரிகளோடு பயணப்பட்டதில் வியப்பில்லை. சிக்கல் என்னவென்றால், கடிக்கும் வாயையே அறியாமல் வளர்ந்த தீவுச் செடிகளைப் பற்றிய பாடம் அது. நம் குறுங்காட்டுச் செடிகள் அப்படி வளர்ந்தவையல்ல. சூரையும் காரையும் சங்கஞ்செடியும் உடைமரமும் முள்ளோடு நிற்பது வெள்ளாட்டுக்குப் பயந்து அல்ல. ஆடு முதலில் மேற்கு ஆசிய மலைகளில் வீட்டு விலங்காகி, புதிய கற்காலத்தில்தான் தென்னிந்தியாவுக்கு வந்தது. அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே மான்களின் வாய்க்குப் பழகிய செடிகள் இவை. ஆடு வந்தபோது இங்கே பந்தி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

தீவுப் பாடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அந்தமானுக்குப் புள்ளிமானைக் கொண்டுபோனார்கள். அங்கே புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. மான் தீவு தீவாக நீந்திப் பரவியது. அது பெருகிய காடுகளில் அடித்தளம் வெறுமையாகி, மரக்கன்றுகள் குறைந்துபோனதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் தீவில் (2018 முதல் அதற்கு நேதாஜியின் பெயர்) சுற்றுலாப் பயணிகளின் கையிலிருந்து தின்பண்டம் வாங்கித் தின்னும் மான்கள் அந்த வம்சம்தான். அட்லாண்டிக்கில் வெள்ளாடு செய்ததை வங்கக் கடலில் புள்ளிமான் செய்தது. ஆனாலும் புள்ளிமானைக் காட்டின் எதிரி என்று எந்தப் பாடநூலும் பொதுவாகச் சொல்வதில்லை.

வாயைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆட்டுக்கும் மானுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லை மேலீற்றில் அழுத்தித் தலையை வெட்டி இழுக்க வேண்டும். ஒடிந்த தண்டின் நுனி நார் நாராக நிற்கும். முயல் கடித்த தண்டு கத்தி வைத்தாற்போலச் சாய்வாக அறுந்திருக்கும், அதைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். கடிபட்ட நுனியை மட்டும் காட்டி இது மானா ஆடா என்று கேட்டால் பழகியவர்களும் திணறுவார்கள், புழுக்கையைத் தேடித்தான் குனிய வேண்டும். குடலிலும் பெரிய பகை இல்லை. அசைபோடும் விலங்குகளைத் தழை பொறுக்குவன, புல் மேய்வன, இரண்டுக்கும் நடுவில் நிற்பன என்று மூன்றாகப் பிரித்த ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹோஃப்மன் வெள்ளாட்டை நடுவில் வைத்தார். புள்ளிமானும் கிடைப்பதைப் பொறுத்து மாறும் நடுத்தர வாய்தான், புல் பக்கம் சற்றே சாய்ந்தது. வேறுபாடு பழக்கத்தில் இருக்கிறது. வெள்ளாட்டின் மேலுதடு விரலைப் போல அசையும். இரண்டு முள்ளுக்கு நடுவில் இருக்கும் இலையை உருவி எடுத்துவிடும். முன்னங்காலைக் கிளையில் ஊன்றிப் பின்னங்காலில் நிமிர்ந்தால் ஆளுயரத்துக்கு எட்டும். தூத்துக்குடி, இராமநாதபுரப் பக்கத்துக் கொடி ஆடு இன்னும் கொஞ்சம் எட்டும். ஒரே செடியை மொட்டையடிப்பதும் அதற்கு இயல்பல்ல. இங்கே நாலு வாய், அங்கே நாலு வாய். அரைகுறையாகப் படிப்பவனை நுனிப்புல் மேய்கிறான் என்று திட்டுகிறோம். ஆட்டுக்கு அது அறியாமையல்ல, ஒரு செடியின் நஞ்சு வயிற்றில் சேராமல் பார்த்துக்கொள்ளும் தந்திரம். எல்லாவற்றையும் தின்னும் என்று பெயரெடுத்த அதே ஆட்டை வைத்துத்தான் ஆடாதோடை, ஆடுதின்னாப்பாளை என்று நம்மவர்கள் செடிக்குப் பெயர் வைத்தார்கள்.

புள்ளிமான் எட்டாத கிளைக்கு வேறு வழி வைத்திருக்கிறது. மந்திக் கூட்டம் மரத்தில் இருந்தால் அதன் அடியில் போய் நின்றுகொள்ளும். குரங்கு பாதி கடித்து எறிகிற தழையும் பழமும் அதற்குப் போதும். மத்திய இந்தியக் காடுகளில் இந்தக் கூட்டுறவை ஆய்வாளர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். தென்னாட்டுக் கரட்டில் துரட்டியோடு மரத்தடியில் நின்று உடை நெத்தை உலுக்கிப்போடும் மேய்ப்பனைப் பார்த்தால், ஆட்டுக்கு அவன்தான் மந்தி என்று சொல்லத் தோன்றும். விதை விஷயத்திலும் ஒற்றுமை உண்டு. நெல்லிக்கனியை விழுங்கும் புள்ளிமான் சாவகாசமாக அசைபோடும்போது கொட்டையை வேறிடத்தில் துப்பிவிடுகிறது. ஆடு இலந்தையை அப்படித்தான் கையாளுகிறது. துப்பும் இடம் மட்டும் காட்டுக்குள் இல்லை, பட்டிக்குள்.

பட்டி என்ற இந்தச் சொல்லில்தான் உண்மையான வேறுபாடு தொடங்குகிறது. ஆடு மாலையில் வீடு திரும்ப வேண்டும். அது போய்வரக்கூடிய தொலைவு ஊரைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குள் தழை தேய்ந்து தரை தெரியும், வெளியே காடு பிழைத்திருக்கும். மானுக்கு அப்படி ஒரு கட்டுத்தறி இல்லை. நேரமும் வேறு. பனி உலராத புல்லில் ஆட்டை விட்டால் வயிற்றில் பூச்சி வைக்கும் என்பதால் வெயில் ஏறிய பிறகே பட்டி திறக்கும். புள்ளிமான் விடியலிலும் அந்தியிலும் மேய்ந்து, உச்சிப்பொழுதில் நிழலில் படுத்து அசைபோடும். ஒரே வெளியை இரண்டும் முறை வைத்துக்கொண்டு மேய்வது போலத்தான் இது. ஒரு தட்டில் இரண்டு பேர் வெவ்வேறு நேரத்தில் சாப்பிட்டாலும் சோறு ஒன்றுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பருவத்தில் இருக்கிறது. மழை பெய்து புல் தளிர்த்திருக்கும் மாதங்களில் புள்ளிமான் புல்லுக்குப் போகும், ஆடு புதரில் நிற்கும், மோதல் குறைவு. புல் காய்ந்து வைக்கோலாகும் மாசி, பங்குனி, சித்திரையில் மானும் புதருக்குத் திரும்புகிறது. தழை, உதிர்ந்த பூ, நெத்து, சருகு என்று ஆடு தேடுகிற அதே பண்டங்களைத் தேடுகிறது. சண்டை என்று ஒன்று உண்டென்றால் அது இந்த மூன்று மாதச் சண்டை.

பழைய மேய்ச்சல் முறையின் பெருமையை இங்கே பார்க்கலாம். அந்த மாதங்களில்தான் தென்மாவட்டத்து மந்தைகள் காட்டில் இருந்ததில்லை. சம்பா அறுவடை முடிந்ததும் கீதாரிகள் எனப்படும் மந்தைக்காரர்கள் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து தஞ்சை வயல்களை நோக்கி நடப்பார்கள். பகலில் தாளடியில் மேய்ச்சல், இரவில் வயலில் கிடை. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு, நெல்லோ பணமோ கீதாரிக்கு. ஆற்றில் தண்ணீர் வரும்வரை, மேட்டூர் அணை வந்த பிறகு ஜூன் 12 என்ற தேதியை ஒட்டி, இது நடக்கும். காடு தன் மிக வறண்ட காலத்தைத் தனியே கழித்தது. கிடை போனது பெரும்பாலும் செம்மறிதானே, வெள்ளாட்டைக் குற்றத்திலிருந்து விடுவிக்க அதை எப்படிச் சாட்சிக்கு அழைக்கலாம் என்று ஒருவர் குறுக்கிடலாம். பாதி உண்மை. தஞ்சைக்குப் போன பெருங்கிடையில் செம்மறியே அதிகம். ஆனால் வெள்ளாடும் கலந்து போயிற்று. கரிசல் நாட்டில் வெள்ளாட்டுக் கிடை உள்ளூர் வயல்களிலேயே மடங்கியது. கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்ற பெயரில் ஒரு குறுநாவலே எழுதும் அளவுக்கு அது ஊர் நிறுவனமாக இருந்தது. மேய்ப்பர்கள் மானுக்காக இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கோடையில் வயலில் தீனி இருந்தது, காட்டில் இல்லை, அவ்வளவுதான். காரணம் எதுவானாலும் விளைவு காட்டுக்குச் சாதகம். 1882-க்குப் பின் வந்த சீட்டு முறை தலையை எண்ணியது, சாதியைப் பார்த்தது. கிடையின் நாட்காட்டியைக் கவனிக்கவேயில்லை.

‘இடையன் வெட்டு அறாவெட்டு’ என்று ஒரு பழமொழி உண்டு. எடுத்த வேலையை அரைகுறையாக விடுபவனைக் கேலி செய்ய அதைச் சொல்கிறோம். கேலிக்கு அடியில் ஒரு தொழில்நுட்பம் ஒளிந்திருக்கிறது. தழைக்காகக் கிளையை வெட்டும் இடையன் அதைத் துண்டாக்குவதில்லை. முக்கால் வெட்டு வெட்டி மடக்கித் தொங்கவிடுவான். பட்டையும் கொஞ்சம் கட்டையும் ஒட்டியிருக்கும். ஆட்டு வாய்க்கு எட்டும் உயரத்தில் தழை நாலு நாள் வாடாமல் நிற்கும், மரமும் சாகாது. இதை வைத்து மேய்ப்பனுக்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை. மந்தை பெருத்தால் அறாவெட்டும் மரத்தைக் கொன்றுவிடும். கோடைதோறும் வெட்டுப்பட்டு மொட்டைக்கம்பமாக நிற்கும் மரங்களைக் காட்டும் வனக்காவலர் பொய் சொல்வதில்லை. ஆகவே கேள்வி எண்ணிக்கைக்கு வந்து நிற்கிறது. எண்ணிக்கையைக் கட்டிப்போடும் எண்ணம் நம் வரலாற்றுக்குப் புதிதல்ல. சோழர் கல்வெட்டுகளில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடு விடுவது வழக்கம். அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகும், மூப்படையும். மந்தையின் கணக்கு சாகாது. பொறுப்பேற்ற மன்றாடி, அதாவது இடையன், தொண்ணூற்றாறைக் குறையாமல் வைத்து நெய் அளக்க வேண்டும். காட்டைக் காக்கச் செய்த ஏற்பாடல்ல அது, விளக்குக் கணக்கு. ஆனாலும் மந்தையை வரம்புள்ள ஓர் எண்ணாகப் பார்க்கத் தெரிந்த சமூகம் இது என்பதற்கு அது போதும்.

மறுதரப்பின் வலுவான சாட்சி பந்திப்பூரிலிருந்து வருகிறது. சூழலியலாளர் எம். டி. மதுசூதன் வெளியிட்ட ஆய்வுகளில், காப்பித் தோட்டங்களுக்குச் சாணி விற்பதற்காகவே காட்டோர ஊர்கள் பெரும் மந்தைகளை வைத்திருந்ததையும், காப்பி விலை சரிந்து சாணிக்குக் கிராக்கி போனதும் மந்தை குறைந்ததையும், அதன்பின் காட்டு மாடு மீண்டு வந்ததையும் காட்டினார். வீட்டு விலங்கு காட்டு விலங்கின் வாயிலிருந்து பிடுங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டுக்கூடச் செய்திருக்க முடியாது. மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த மந்தை பெரும்பாலும் மாடு. மீண்டதும் புல்லை நம்பிய காட்டு மாடு. முதுமலைக்கு அருகே மசினகுடியிலும் சாணிக்காக வளர்த்தது மாட்டைத்தான். அதாவது, நூறு ஆண்டுகளாகச் சீட்டோடு உள்ளே விடப்பட்ட விலங்குதான் புல்லில் போட்டி போட்டது. வெளியே நிறுத்தப்பட்டது அல்ல. பெரும்பாலும் புல்லையே நம்பும் வெளிமானுக்கும் இதே கணக்கு பொருந்தும்: அதன் தட்டில் கை வைப்பது மாடும் செம்மறியும், வெள்ளாடு கடைசியில்.

நோய் பற்றிய ஆட்சேபம் இப்படி எளிதில் கரையாது. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1987-இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். செம்மறியையும் வெள்ளாட்டையும் கொல்லும் அந்தக் கிருமி மங்கோலியாவில் 2016-17 குளிர்காலத்தில் சைகா மான்களுக்குத் தாவி ஆயிரக்கணக்கில் கொன்றது. இங்கே வாதத்துக்கு இடமில்லை. மானோடு ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்கும் ஆட்டுக்குத் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். மேய்ப்பனோடு வரும் நாய் மான்குட்டியை விரட்டுவதையும் இதே பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வெளிமானின் நிலத்தைச் சுருக்கியது யார் என்று பார்த்தால் கதை வேறு திசையில் போகிறது. துப்பாக்கியும் ஏரும் முதலில் சுருக்கின. மிஞ்சியதை ஒரு மரம் சுருக்கியது. 1870-களில் விறகுக்காகச் சென்னை மாகாணத்துக்கு வந்த சீமைக் கருவேலத்துக்கு மக்கள் வைத்த இன்னொரு பெயர் வேலிக்காத்தான். ஆடு அதன் தழையைத் தொடாது, அதனால் வேலிக்கு ஆகும். வறண்ட நிலத்தில் நட்டால் ஆட்டு வாயிலிருந்து காவல் காக்கத் தேவையில்லாத மரம். வெள்ளாட்டுக்குப் பயந்தவர்களுக்கு இதைவிட நல்ல மரம் கிடைத்திருக்காது. 1967-இல் சரணாலயமான கோடிக்கரையில் வெளிமான் ஓடிய திறந்தவெளியை இன்று அதுதான் அடைத்துக்கொண்டு நிற்கிறது. 1987-இல் அறிவிக்கப்பட்ட வல்லநாட்டையும் அது விட்டுவைக்கவில்லை. ஆட்டுக்கும் இதில் பங்கு உண்டு, மறைப்பானேன்: தழையைத் தொடாத ஆடு நெத்தை விரும்பித் தின்னும், விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கும். மாடும் அதையே செய்கிறது, கோடிக்கரையில் காட்டுக்குள் திரியும் குதிரைகளும் செய்கின்றன.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும், பருவந்தோறும் வந்துபோகும் மேய்ப்பர்களின் உரிமையையும் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. அதே மாதத்தில் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. ஒரு முனை உரிமை, மறுமுனை தடை. எந்த மாதம், எத்தனை தலை என்ற கேள்வி நடுவில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. இதற்கிடையே தஞ்சை வயல்கள் மாறிவிட்டன. மூட்டை உரம் வந்த பிறகு கிடைக்குக் கிராக்கி குறைந்தது. ஆழ்துளைக் கிணறு உள்ள வயல் கோடையிலும் பயிரோடு நிற்கிறது, தாளடி கிடைப்பதில்லை. போக இடமில்லாத மந்தை ஊரிலேயே நிற்கிறது, அதுவும் பங்குனியில், சித்திரையில். விடியலில் மான் கடித்துவிட்டுப் போன காரைச் செடியின் நார் நுனி உலர்வதற்குள், வெயில் ஏறி, பட்டி திறந்து, ஆடு அதே செடிக்கு வந்துவிடுகிறது.